நடுவுல நான் யாருங்க?

அந்த அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது, அவருடைய புதினாவின் மேல் என் ஸ்கூட்டரை ஏற்றியபோது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், காலை வேளை. பனி கண்ணை மறைத்தது என்று நான் சொல்வேன். கண்ணாடியைத் துடைக்காமல் ஓட்டினேன் என்று அவர் சொல்வார். அவர் சொன்னதுதான் சரி.

கூடையை இறக்கிவைத்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தவர், சக்கரத்துக்கு அடியில் கிடந்த கட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. புதினா நசுங்கினாலும் கூட்டம் கூடுகிற ஊர் இது. நானோ புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்குப் பிரெஞ்சுப் புரட்சி நினைவுக்கு வந்துவிடும். அவசரமாக எதிர்க்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னேன். ஜீப் டிரைவர்கள், லாட்ஜ் புரோக்கர்கள், சேலம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் குடித்தார்கள். "விடுங்க, சார் தங்கமான மனுசன்" என்று தீர்ப்பும் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, வண்டிய ஏத்துனது எம்பட புதினா மேல. டீ குடிக்கறது இவிங்க. நடுவுல நான் யாருங்க?"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். ஒருவர் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டார். நான் கூடையோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். நான் மேனேஜராக இருக்கிற லாட்ஜில் அந்த வாரம் புதினாச் சட்னி, புதினா சாதம், புதினாத் துவையல். 'மூலிகை உணவு ஏற்பாடு மிகச் சிறப்பு' என்று சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாராட்டிவிட்டுப் போனது.

அதிலிருந்து லாட்ஜுக்குப் புதினாவும் கொத்தமல்லியும் அவர்தான் கொண்டுவந்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். கேட்காமல் அச்சில் போட்டால் அவருக்குப் பிடிக்காது. கேட்பதற்கு இப்போது அவர் இல்லை. ஆகவே 'அந்த அம்மா' என்றே இருக்கட்டும்.

சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, எஸ்டேட் வேலைக்குப் போய்ப் போய் உரமேறிய கால்கள். கிளியூருக்குக் கீழே, ஓடையை ஒட்டிய சின்ன ஊர். தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து காப்பி எஸ்டேட்டுக்கு ஏறி வந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. எஸ்டேட் வேலை போக, ஓடைத் தண்ணீரில் ஆளுக்கு நாலு பாத்தி கீரை போடுவார்கள். அந்த அம்மாவின் பாத்திதான் ஓடைக்கு மிக அருகில் இருந்தது.

கஞ்சம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கல்யாண வீட்டுக்குக் கொத்தமல்லியைச் சும்மாவே தூக்கிக் கொடுப்பார். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுத்துக் கணக்கை மூடப் பார்த்தால் விடமாட்டார். எங்கள் சமையல்காரர் அதே ஊர்க்காரர், அவருக்குத் தம்பி முறை. ஒருநாள் கீரைக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டு, நாலு இட்லியைப் பொட்டலம் கட்டி நீட்டினார்.

"இட்லி நாளைக்கிக் குடு கண்ணு, திங்கறேன். இன்னைக்கிக் கீரைக்கு என்னமோ அதக் குடு."

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதானக்கா."

"உனக்கு ஒண்ணு. எனக்கு எப்படி ஒண்ணாவும்?"

சமையல்காரர்தான் எனக்குக் கோழிக் கதையைச் சொன்னார். அந்த அம்மாவின் அடைக்கோழியைப் பக்கத்து வீட்டுக்காரரின் நாய் கடித்துப் போட்டுவிட்டதாம். ஊர்க்கூட்டம் நடந்தது. அந்தப் பக்கத்தில் வழக்கம் என்னவென்றால், தப்புச் செய்தவருக்குத் தண்டம் போட்டால் அது மாரியம்மன் கோயிலுக்குப் போகும். நாய்க்காரர் கோயிலுக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. அவரும் கட்டினார். மணியில் 'உபயம்' என்று அவர் பெயரே இருந்தது. கோழியைக் கொன்ற குடும்பத்துக்குக் கோயிலில் பெயர். கோழியைப் பறிகொடுத்தவருக்குக் குங்குமம்.

அந்த அம்மா சண்டை போடவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவரிடம், "எங்கோழி கூப்புடுது" என்பார். அவ்வளவுதான். பூசை நேரத்தில் சொல்வார், நோம்பித் திருவிழாவில் சொல்வார், வெளியூர்ச் சொந்தக்காரர்கள், ஒறம்பரை வந்திருந்தால் கொஞ்சம் உரக்கச் சொல்வார். கேட்டுக் கேட்டு நாய்க்காரரின் மனைவிக்குக் கோயில் பக்கம் போகவே முடியவில்லை. கடைசியில் அவரே ஒரு முட்டைக்கோழியைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். அதற்கப்புறம் மணியை அந்த அம்மா மணி என்றே சொன்னார்.

இது இப்படியே சில்லறைக் கதைகளாக முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த ஊருக்கு மேலே, மேட்டில், ஒரு ரிசார்ட் வந்தது. எங்களுடையது லாட்ஜ். அங்கே எல்லாமே பழசு. அவர்களுடையது ரிசார்ட். அங்கே எல்லாமே புதுசு, கழிவு போகிற வழியைத் தவிர. அது பூமி தோன்றிய நாளிலிருந்து இருக்கிற முறைப்படி மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போயிற்று. பள்ளத்தில் ஓடை இருந்தது.

சீசன் கூட்டம் இறங்கிய ஒரு காலையில் அந்த அம்மா வெறும் கையோடு லாட்ஜுக்கு வந்தார்.

"இனிமே எங்கீரை வேண்டாமுங்க மேனேஜரே. சோப்பு நாத்தம் அடிக்குது. உங்க கெஸ்ட்டு சாப்புட்டு ஏதாச்சும் ஆனா உங்க மேலயில்ல வரும்."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

"பின்ன, சொல்லாம நின்னுக்கிட்டா நீங்க காத்திருப்பீங்களே."

நான் அறிந்த வரையில், தன் சரக்கு கெட்டுவிட்டது என்று தானே வந்து சொன்ன ஒரே வியாபாரி அவர்தான். என்ன பாழானது என்பதையும் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். அவருக்கு ஓடை என்பது காட்சி அல்ல. குளிப்பது, குடிப்பது, கீரை அலசுவது எல்லாம் அதில்தான்.

அரசாங்கமே ரிசார்ட் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் சமரசத்தில் முடிந்தது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் லாட்ஜில் ஏரியைப் பார்த்த அறையில் வந்து தங்கியிருந்த ஒரு சுற்றுச்சூழல் டிரஸ்ட்டின் தலைவர். ஜிப்பா, தோள்பை, இரக்கமான கண்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். நல்லவர். ஓடை என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

"வழக்கு நல்லபடியா முடிஞ்சது சார். கம்பெனி ஒரு தொகை கொடுக்கிறாங்க."

"ஓடைக்கரையில இருக்கிறவங்களுக்கா?"

"இல்ல, எங்களுக்கு. விழிப்புணர்வு ஏற்படுத்த."

"கம்பெனிக்கா?"

"மக்களுக்கு சார்."

"அப்ப அந்தக் கழிவுக் குழாய்?"

அவர் காப்பியை ஆற்றினார். "அது கொஞ்சம் சிக்கல். குழாயை எடுக்கச் சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தப்பை ஒத்துக்காமத்தான் சமரசம். படிப்படியா முயற்சி பண்ணுவாங்க."

அதாவது அழுக்காக்கியவர் மேலே. அழுக்கைக் குடித்தவர் கீழே. அரசாங்கமும் கம்பெனியும் உட்கார்ந்து பேசி, இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது வீட்டுக்கு மொய் எழுதிவிட்டார்கள். அந்த மொய்ப்பணத்தில், ஓடையை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று கீழே இருக்கிறவர்களுக்குப் பாடம் நடக்கும். என் படிப்பெல்லாம் சேர்ந்து அந்த நேரத்தில் எனக்குத் தந்த ஒரே ஞானம், 'நமக்கு எதற்கு வம்பு' என்பதுதான்.

போதாததற்கு, நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் டிரஸ்ட்காரர் அறிவிப்புப் பலகைக்கு ஒரு வாசகம் கேட்டார். எதுகை கிடைத்தால் எனக்கு அறிவு போய்விடும். 'ஓடை நம் அன்னை, கலக்காதே அவள் கண்ணை' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழே, 'ஓடையில் கழிவைக் கொட்டாதீர்.' பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. அந்த அம்மாவின் பாத்திக்குப் பக்கத்திலேயே அதை நட்டார்கள். மூலையில் ரிசார்ட்டுக்கு நன்றி.

நான் பார்க்கப் போயிருந்தேன். எழுத்தாளனுக்கு அந்த ஆசை போகாது.

"என்னன்னு போட்டிருக்குதுங்க?" என்றார் அந்த அம்மா. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். இருந்தாலும் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சத்தமாகப் படிக்கும்போதுதான் அது எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

"நொம்ப நல்லாருக்குதுங்க. நாங்க படிச்சாச்சு. படிக்காதவிங்க மேலயில்ல இருக்கறாங்க?"

மறுநாள் காலை மஞ்சக்குட்டை கிராமத்து ஜீப்பில் வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே தகவல் சொன்னார். போய்ப் பார்த்தேன். ரிசார்ட்டின் வாசலில், காட்டுக்கல் வைத்துக் கட்டிய அலங்கார வளைவுக்கு நேர் எதிரே, என் பலகை நின்றது. அந்த அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் பிடுங்கித் தோளில் சுமந்துவந்து நட்டிருக்கிறார்கள். காரில் வந்திறங்கிய விருந்தாளிகள் 'ஓடையில் கழிவைக் கொட்டாதீர்' என்பதைப் படித்துவிட்டு உள்ளே போனார்கள். என் எழுத்து சரியான வாசகரிடம் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு தடவைதான். காவலாளி அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். பொழுது சாய்வதற்குள் அது மறுபடி ஏறி வந்தது. எறிந்து எறிந்து, கடைசியில் காவலாளியே அதற்கு முட்டுக்கல் வைத்துக் கொடுத்ததாகக் கேள்வி. அவரும் ஓடைக்கரைக்காரர்தான்.

ஆனால் பலகை வெறும் விளையாட்டுதான். கையெழுத்துதான் விஷயம். பாதிக்கப்பட்ட மக்கள் பயிற்சியில் கலந்துகொண்டார்கள், பயன் பெற்றார்கள் என்று அவர்களே கையெழுத்துப் போட்டால்தான் டிரஸ்ட் தன் அறிக்கையைக் கொடுக்க முடியும், வழக்கின் கட்டு மூடும். வருகிற எல்லாருக்கும் ஒரு துணிப்பை, ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். எங்கள் லாட்ஜ் ஹாலில்தான் ஏற்பாடு.

"போட்டா நமக்குச் செஞ்சாச்சுன்னு ஆயிரும்" என்று அந்த அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். "பாட்டலக் குடுக்கறாங்க. அதுல ஊத்திக் குடிக்க எந்தத் தண்ணி?"

ஹாலில் நாற்காலிகள் இருந்தன, படம் காட்டும் இயந்திரம் இருந்தது, டிரஸ்ட்காரர் இருந்தார், போண்டா இருந்தது. ஆள் இல்லை. போண்டா வீணாகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

டிரஸ்ட்காரர் மனம் தளராமல் பாத்திக்கே போனார். நானும் கூடப் போனேன், தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க.

"அம்மா, ஆளாளுக்குக் கொடுத்தா செலவாகிக் கரைஞ்சுடும். பொதுவுக்குச் செஞ்சா தலைமுறைக்கும் நிக்கும்."

அது லேசான வாதம் இல்லை. நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். உண்மையில் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"நான் ஆளுக்குக் குடுங்கன்னு கேக்கலீங்களே. குழாய எடுங்கன்னுதான் கேக்கறேன். அதுசரி சாமி, பொதுவுங்கறீங்களே, அந்தப் பொதுவுல நாங்க இல்லீங்களா?"

நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் சமையல்காரர், பேச்சுவாக்கில், தண்டமெல்லாம் கோயிலுக்குப் போகிற வழக்கத்தை டிரஸ்ட்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. மக்களின் மரபு! கம்பெனியிடம் பேசினார். மாரியம்மன் கோயில் கோபுரத்துக்கு வண்ணம், கும்பாபிஷேகத்துக்கு முழுச் செலவு. ஊர் அப்படியே இளகிவிட்டது. ஓடைக்காக விறைப்பாக இருந்த ஆண்கள் எல்லாம் கோபுரத்துக்கு என்ன நிறம் என்று பேச ஆரம்பித்தார்கள். கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். அங்கேயே கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்று டிரஸ்ட்காரர் தாள்களோடு, என்னையும் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மா பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

தர்மகர்த்தா எழுந்தார். "ஆத்தாளுக்குச் செஞ்சா நமக்குச் செஞ்ச மாதிரி. எதுத்துப் பேசறவங்க இருந்தா இப்பவே பேசிப்போடுங்க. அப்பறம் முணுமுணுக்கப்படாது."

"நான் பேசோணுமுங்க" என்று எழுந்தார் அந்த அம்மா.

"நீ ஆத்தாளுக்கே எதிரா புள்ள?"

"அவளுக்காவத்தான் பேசறனுங்க. போன நோம்பிக்குத் தீர்த்தக்குடம் எங்கிருந்து எடுத்தீங்க?"

பூசாரி மேலே பறந்த காக்கையைப் பார்த்தார்.

"வழக்கமா ஓடையிலதான எடுப்போம்? போன நோம்பிக்கு எங்க எடுத்தீங்கன்னு கேக்கறேன்."

"லாட்ஜு பைப்புல" என்றார் பூசாரி.

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் சமையல்காரரைப் பார்த்தேன். அவர் தன் கால் நகத்தைப் பார்த்தார். மாரியம்மன் என் லாட்ஜின் பைப் தண்ணீரில் குளிக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரைப் பற்றி விருந்தாளிகள் என்னிடம் சொல்லியிருப்பதையெல்லாம் நினைத்து, மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஓடை நாறுது, அதனால பைப்புல புடிச்சீங்க. தப்புன்னு சொல்லலீங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா ஆத்தா எங்க இருக்கறா? ரிசார்ட்டுக்கு மேலயா? நம்மளாட்டம் ஓடைக்குக் கீழதான இருக்கறா? நமக்குப் போனது அவளுக்கும் போச்சு. அப்பறம் அவ எப்படிங்க மூணாவது ஆளு? அவளுக்கு என்னுங்க நட்டம்? பெயிண்டு போச்சா, தண்ணி போச்சா?"

யாரோ ஒரு பெண், "தண்ணி" என்றார்.

"அப்ப அதக் குடுக்கச் சொல்லுங்க. அவ ஊட்டுக்கு வெளிய வர்ணம் பூசிப்போட்டு, உள்ள அவ தலைமேல சாக்கடைய ஊத்துவீங்களா?"

தர்மகர்த்தா வெகு நேரம் துண்டை உதறினார். அதில் தூசி ஒன்றும் இல்லை. பிறகு டிரஸ்ட்காரரைப் பார்த்து, "பெயிண்டு நாங்களே அடிச்சுக்கறோமுங்க" என்றார். "குழாய எடுக்கச் சொல்லுங்க." தாள்கள் வந்த வெள்ளை மாறாமல் தோள்பைக்குள் திரும்பிப் போயின.

டிரஸ்ட்காரருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் பொய்க் கையெழுத்துத் தேடவில்லை. என்னை ஒரு தடவை ஆசையோடு பார்த்தார் என்பது உண்மை. நானும் ஏற்காட்டுத் தண்ணீர் குடிக்கிறவன்தானே. ஆனால் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் ஏற்க மறுக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டார். நேரில் பார்த்து வர அரசாங்கம் ஒரு அதிகாரியை அனுப்பியது. பிறகு சமரசத்தைத் திருத்தினார்கள். குழாயை அடைத்தார்கள். ரிசார்ட் தன் கழிவைத் தன் இடத்திலேயே சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. பாத்திகளைச் சீர்செய்கிற செலவும் அவர்கள் தலையில் விழுந்தது. எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஓடை தெளியச் சில மழைக்காலங்கள் ஆயின. சாகும்வரை அந்த அம்மா அதில்தான் கீரை அலசினார். எங்கள் லாட்ஜில் மறுபடியும் புதினாச் சட்னி.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்த முடிவு இல்லை, அதிகாரி வந்த அந்த மதிய நேரம். அதிகாரி, ரிசார்ட்டின் மேனேஜர், டிரஸ்ட்காரர், நான். வரப்பில் வரிசையாக நின்றோம். வெயிலுக்கு ஓடையின் நாற்றம் கிளம்பிவிட்டது. நாங்கள் நாலு பேரும் மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தோம். அந்த அம்மா எதிரே, பாத்திக்குள், கருகிய கொத்தமல்லிக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

அதிகாரி கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "சமரசம்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்மா."

"என்னங்க? காதுல உளுகலீங்க."

மறுபடி சொன்னார், சத்தமாக.

"துணிக்குள்ள இருந்து பேசுனா எனக்கு வெளங்க மாட்டேங்குதுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க சாமி. நாங்க இங்கதான் சோறு திங்கறோம், மூக்கப் பொத்திக்கிட்டா திங்கறோம்?"

டிரஸ்ட்காரர் முதலில் எடுத்தார். அப்புறம் நான். ரிசார்ட் மேனேஜர் எடுக்கவில்லை. அந்த அம்மா அவரைப் பார்த்தபடி நின்றார். அவசரமே காட்டவில்லை. ஒரு குருவி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. ரிசார்ட் மேனேஜரும் எடுத்தார். கடைசியாக அதிகாரி எடுத்து, மடித்து, பைக்குள் வைத்தார். அவர் முகம் ஒருதரம் சுருங்கி விரிந்தது.

"இப்பச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. "யாரு எத உட்டுக் குடுக்கோணும்?"

அதிகாரி மேட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்தக் குழாய் எங்கம்மா இருக்கு? காட்டுங்க."

"வாங்க" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ஏற ஆரம்பித்துவிட்டார். யார் பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.